பிஸ்கட் டப்பாவில் இரண்டு ஸ்பிரிங்

நாத்தனாரும் அண்ணியும் கீரியும் பாம்புமாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த மகராசன் சொல்லி வைத்தானோ தெரியாது. எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரரின் தங்கையும் நானும் ஒரே கட்சி. நடுவில் அவர்தான் மத்தளம், இரண்டு பக்கமும் இடி.

அவளுக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலை. எரிந்துபோன மின்விசிறி, மிக்சி எல்லாம் அவள் மேஜைக்கு வரும். கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றுவாள். மற்ற நேரத்தில் மேண்டலின். ஒரு மெல்லிசைக் குழுவோடு மேடையேறி வாசிப்பாள். கட்டியவன் விட்டுப்போன பிறகு அவள் தலைநிமிர்ந்து உட்கார்ந்த ஒரே இடம் அந்த மேடை நாற்காலிதான். அதற்கும் உலை வைத்தார் குழுவை நடத்துகிற மாஸ்டர்.

"ஹாலு பெருசும்மா. உன் மேண்டலின் பின் வரிசைக்குப் போறதுக்குள்ள செத்துப்போகுது. கீபோர்டுல ஒரு பட்டனைத் தட்டினா அதே மேண்டலின் கார்வையோட, நின்னு இழுத்து ரீங்காரமா வருது. அடுத்த நிகழ்ச்சிக்குள்ள நீயும் அப்படி ஏதாவது பண்ணு. இல்லைன்னா நாற்காலியைக் காலி பண்ணு."

கீபோர்டு வாசிப்பவன் மாஸ்டரின் மச்சான். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். மச்சான் உடையவன் ஒரு மேண்டலினுக்கா அஞ்சுவான்?

என் வீட்டுக்காரர், "விடேன், மானத்தோட விலகிடு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விலகுவதில் என்ன மானம் இருக்கிறது? அவளோ அண்ணனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணி, சமையலறை ஜன்னல் திரையை எடுத்துக்கவா?" என்றாள்.

திரையை அல்ல, அதை மாட்டியிருந்த ஸ்பிரிங்கை. மேலே இருந்த பிளாஸ்டிக்கை உரித்து, இரண்டு துண்டாக வெட்டி, நீளமான பிஸ்கட் டப்பாவுக்குள் இழுத்துக் கட்டினாள். ஒரு முனையில் பழைய ரேடியோவின் குட்டி ஸ்பீக்கர். மேண்டலின் சத்தம் அதில் நுழைந்து ஸ்பிரிங்கை உலுக்கும். அந்த அதிர்வு ஸ்பிரிங்குக்குள் போய் முட்டி, திரும்பி, மறுபடி போகும். மறுமுனையில் அவளே சுற்றிய காயில் அதைப் பிடித்து வெளியே அனுப்பும். ஒரு மீட்டலுக்கு ஒன்பது வால். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். திரை போன ஜன்னல் வழியாக எங்கள் சமையலை எதிர்வீட்டுக்காரர் மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் பெட்டி ஊமையாகிவிட்டது. போர்வைக்குள் வாசித்த மாதிரி இருந்தது. பட்டறையில் காயில் சுற்றி முடித்ததும் கம்பி அசையாமல் இறுகட்டும் என்று வார்னிஷ் ஊற்றுவார்கள். பழகிய கை, ஸ்பிரிங்குக்கும் சேர்த்து ஊற்றியிருக்கிறது.

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆடக்கூடாது ஆடக்கூடாதுன்னே பழகிடுச்சு அண்ணி. இங்க ஆடுறதுதான் வேலை." கூடத்து ஜன்னல் திரையும் போயிற்று.

நிகழ்ச்சி அன்று டப்பாவை நான்தான் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். திரைக்குப் பின்னால் சத்தம் சரிபார்த்தபோது அவள் ஒரு தந்தியைத் தட்டினாள். காலி ஹால் நிரம்பியது. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

மாஸ்டர் டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பிரமாதம்மா! பொட்டியை மச்சான்கிட்ட குடுத்துடு, கீபோர்டுல மாட்டிக்கட்டும். நீ அக்கடான்னு கீழ உக்காந்து கேளு."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கைப்பையிலிருந்து குறடு ஒன்றை எடுத்தாள். டப்பா மூடியைத் திறந்து, இரண்டு ஸ்பிரிங்கையும் கொக்கியோடு கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"டப்பாவை வச்சுக்கங்க மாஸ்டர். பிஸ்கட் போட்டு வைக்கலாம்."

சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "எந்திரி" என்று மாஸ்டர் பல்லைக் கடித்தார். அவள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கி மேடையை ஒட்டிய ஓர நாற்காலியில் உட்கார்வதற்குள் திரை விலகிவிட்டது. ஹால் நிறைய ஜனம் பார்க்கும்போது ஒரு பெண்ணை இழுத்து இறக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. எல்லார் பேரையும் சொல்லி அறிமுகம் செய்தார், அவளைத் தவிர. அவள் கார்வை இல்லாத அந்த வெறும் சத்தத்தையே வைத்துக்கொண்டு ஒரு பாட்டு விடாமல் வாசித்தாள்.

இடைவேளையில் விழாக்காரர் மேடைக்கே வந்துவிட்டார். "சாயங்காலம் ஒரு மேண்டலின் கேட்டுச்சே, ஹாலே அதிர்ற மாதிரி. அது எங்க? அதைக் கேக்கணும்னுதான் பெரிய மனுஷங்களையெல்லாம் முன்வரிசையில உக்கார வச்சிருக்கேன்."

மாஸ்டர் அவள் பக்கம் குனிந்தார். "அந்த ஸ்பிரிங்கை மாட்டும்மா."

"மாட்டுறேன். முதல்ல மைக்ல என் பேரைச் சொல்லுங்க. வாசிக்கிறதும் நான், பொட்டி பண்ணதும் நான்னு சொல்லுங்க. இந்த நாற்காலி எனக்குத்தான்னும் சொல்லுங்க."

"நாற்காலி விஷயத்தைப் போய் மைக்லயா சொல்லுவாங்க?"

"ஆமா. தனியா சொன்னா நாளைக்கு மறந்துடுவீங்க."

மச்சான் கீபோர்டைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டான். மாஸ்டர் விழாக்காரரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். கடைசியில் அவர் மைக்கை எடுத்தார். முழுப் பெயரையும் சொன்னார். பெட்டியைச் சொன்னார். நாற்காலியையும் சொன்னார், விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு.

அவள் ஸ்பிரிங்கை நிதானமாக மாட்டிவிட்டு ஒரு தந்தியைத் தட்டினாள். அது பின் சுவர்வரை போய்த் திரும்பி வந்தது. நான் எழுந்து நின்று கைதட்டினேன். பின்னால் இருந்தவர் மறைக்கிறது, உட்காருங்கள் என்றார். நான் உட்காரவில்லை.