சின்னச்சாமி கங்காணிக்குக் கிடைத்த ஓட்டப் பதக்கம்

ஓடியவன் வீரமுத்து. ஊவாவின் சிறந்த விளையாட்டு வீரர் என்று பதக்கம் வாங்கியவர், மூட்டுவலியால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கே கோலூன்றி வரும் அவனுடைய கங்காணி. வோட்டு வாங்கும் தொழிலில் இதெல்லாம் சகஜம் என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் யாரும் ஒரு நாளாவது வோட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் அல்ல. நான் உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவை நடத்திக் கொடுத்தவர்களும், தேரில் யார் முதலில் வடம் பிடிப்பது என்ற சண்டையை விலக்கப் போனவர்களும் இதை வாசித்தால் கொஞ்சம் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

விஷயம் இதுதான். ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்த மறுவருஷம், கொழும்பிலிருந்து வரும் ஒரு தமிழ் வாரப் பத்திரிகை, ஊவா மாகாணத்தின் சிறந்த விளையாட்டு வீரர் யார் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும் என்று அறிவித்தது. பத்திரிகையில் அச்சிட்டிருக்கும் சீட்டைக் கத்தரித்து, வீரரின் பெயரை எழுதி, ஏஜென்டிடம் கொடுக்க வேண்டும். ஜெயித்தவருக்கு வெள்ளிப் பதக்கம். அதைவிடப் பெரிது, கொழும்பில் நடக்கும் விளையாட்டு விழாவுக்குப் போய்க் கலந்துகொள்ள ரயில் டிக்கெட்.

பதுளை ஏஜென்ட் என் அப்பா. பகலில் பள்ளிக்கூட வாத்தியார். நான் கொழும்புக் கலாசாலையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். வாதம் செய்ய ஆள் கிடைக்காமல் வீட்டிலிருந்தவர்களின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சைக் கடைத்தெருவில் போய்ப் பேசு என்று அப்பா ஒரு மேசையும் தகரப் பெட்டியும் கொடுத்து, காதர் நானாவின் துணிக்கடை ஓரத்தில் என்னை உட்கார வைத்தார். சம்பளமில்லாத உத்தியோகம்.

தேத்தண்ணி நேரத்தில் முடிந்த பந்தயம்

என் வோட்டு யாருக்கு என்பதை, இந்த அறிவிப்பு வருவதற்கு முன்பே நான் முடிவு செய்திருந்தேன். வீரமுத்து மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தபால்காரன். தினமும் பசறைக்கு இறங்கி, தோட்டத்துத் தபால் பையைச் சுமந்துகொண்டு மலையேறுகிறவன். துரைமார் பதுளையில் நடத்திய போட்டிக்கு அவனை அவன் தோட்டத்துத் துரை அனுப்பியிருந்தார். குதிரைப் பந்தய மைதானத்தில் புறப்பட்டு, ஹாலிஎல வரை ஓடித் திரும்ப வேண்டும். அவர்கள் ஓடிவிட்டு வரட்டும் என்று துரைமாரும் துரைசாணிமாரும் கூடாரத்துக்குள் தேத்தண்ணிக்குப் போய்விட்டார்கள். கேக் வெட்டி முடிவதற்குள் வீரமுத்து வந்துவிட்டான்.

எல்லைக்கோட்டில் கட்ட வேண்டிய நாடாவை யாரும் கட்டியிருக்கவில்லை. அவன் கோட்டுக்கு ஓரடி இந்தப் பக்கமே நின்றுவிட்டான். கையைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேர் கூடாரத்திலிருந்து ஓடிவந்து கம்பத்தில் நாடாவைச் சுற்றும்வரை காத்திருந்தான். அதற்குள் இரண்டாவது ஆள் மைதானத்துக்குள் நுழைந்தாயிற்று. ஜனங்கள் கத்துகிறார்கள், இவன் அசையவில்லை. முடிச்சுப் போட்டவர் கையைக் காட்டிய பிறகுதான் நெஞ்சால் நாடாவைத் தள்ளிக்கொண்டு போனான். ஏனப்பா நின்றாய் என்று அப்பா பிறகு கேட்டார். அவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “கட்டாம போனா, திரும்ப ஓடச் சொல்லுவாங்களேங்க.”

நானாவின் மருமகன்

காதர் நானா கடையில் இடம் கொடுத்தது பொதுச் சேவைக்காக அல்ல. அவருடைய தங்கை மகன் ஜமால் பண்டாரவளையில் பந்தடிப்பவன். நல்ல ஆட்டக்காரன்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் சீத்தைத் துணி கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் நானா துணியோடு மருமகனையும் சேர்த்து அளந்து கொடுத்தார். ஓரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகுமா? பதினொரு பேர் ஓடி ஒருவன் பெயர் வாங்குவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். பந்து இல்லாவிட்டால் அவன் எதை விரட்டுவான் என்று கேட்டேன். வீரமுத்துவுக்கு முன்னால் பந்தும் இல்லை, பக்கத்தில் துணையும் இல்லை என்றேன்.

துணி வாங்க வந்தவர்கள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். கலாசாலை மேடையில் இதில் பாதி பேசினால் கைதட்டியிருப்பார்கள். நானா கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “மகள், நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா ஜமால் அடிச்ச பந்த ஊரே பார்த்திச்சு. ஒங்கட ஆள் ஓடினத வழியில நின்ட மரந்தான் பார்த்திச்சு. மரம் வந்து வோட்டுப் போடுமா?”

வேலைக்குப் பதக்கமா?

கோர்ட்டு குமாஸ்தா ஒருவர், வேலை விட்டதும் குடையோடு வருவார். அவருடைய வோட்டு ஒரு பிரக்டர் வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு. கிரிக்கெட் மட்டையைப் பிடிப்பதில் அந்தப் பிள்ளைக்குத் தனி நளினம் உண்டாம். நளினத்துக்கும் வீரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஆரம்பித்தேன். தினமும் பையைச் சுமந்து மலையேறிய கால்தான் பந்தயத்தையும் ஜெயித்தது, மட்டை பிடிக்கும் பிள்ளை ஒரு நாளாவது நனைந்த பையோடு பசறை ஏற்றத்தில் ஏறட்டும் பார்க்கலாம் என்றேன்.

குமாஸ்தா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோலக் குனிந்து சொன்னார்: “அதைத்தான் அம்மா நானும் சொல்கிறேன். ஓடுவது அவனுக்கு வேலை. வேலைக்கெல்லாம் பதக்கம் கொடுத்தால், நாளைக்குக் கொழுந்து கிள்ளுகிறவளும் வந்து கையை நீட்டுவாள்.”

நீட்டட்டுமே என்றேன். அதற்குள் அவர் குடையை விரித்துவிட்டார்.

கைநாட்டு

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஜனங்கள் டவுனுக்கு வருவார்கள். கொஸ்லந்தையிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த ஒரு பெண், கருவாடு சுற்றிக் கொடுத்த தாளில் இந்தச் சீட்டு இருப்பதைக் கண்டு, என்ன ஏது என்று விசாரிக்க வந்தாள். நான் சீட்டு, பெட்டி, பதக்கம் எல்லாவற்றையும் விளக்கினேன். வீரமுத்து நாடாவுக்காக நின்ற கதையையும் சொன்னேன். அதற்கு மட்டும் சிரித்தாள். எழுதத் தெரியாவிட்டால் பரவாயில்லை, பெயரை நான் எழுதுகிறேன், நீ பெருவிரலை வைத்தால் போதும் என்று மைக்கூட்டை நகர்த்தினேன். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு கேட்டாள்: “இதுல கைநாட்டு வச்சா, எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவாங்க தாயி?”

கட்டாக வந்த சீட்டுகள்

இங்கேதான் சின்னச்சாமி கங்காணி வருகிறார். வீரமுத்துவையும் அவன் குடியிருந்த லயத்து வீடுகளில் பாதிப் பேரையும் இந்தியாவிலிருந்து கூட்டிவந்தவர் அவர். வஞ்சகமில்லாத மனிதர். தன் ஆள் ஜெயிக்க வேண்டும் என்று கட்டுக்கட்டாகப் பத்திரிகை வாங்கி, பெரட்டுக்களத்தில் எல்லாரையும் நிறுத்தி, வோட்டு நம்ம வீரமுத்துவுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். துரையும், பத்திரிகைக்காரர்கள் கூப்பிட்டால் கொழும்புக்குப் போக லீவு தருகிறேன் என்றாராம். சீட்டுகளை எழுதியது தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அவரே அந்தக் கட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஜமாலையும் மட்டைக்காரரையும் மூழ்கடிக்கப் போதுமான கட்டு. காதர் நானாவின் முகம் சுருங்கியதைப் பார்த்துக்கொண்டே அவிழ்த்தேன்.

முதல் சீட்டில் ‘சின்னச்சாமி கங்காணி ஆள்’ என்று இருந்தது. அடுத்ததிலும் அதுதான். தோட்டத்தில் அரிசியும் கம்பளியும் கங்காணி பெயரில்தான் வரும். ஊரிலிருந்து வரும் கடிதத்திலும் கங்காணி பெயர் முன்னால், ஆள் பெயர் பின்னால். கணக்கப்பிள்ளை அந்த முறைப்படியே எழுதியிருக்கிறார். பத்திரிகைக்காரர்கள் போட்டிருந்த கோடோ மட்டை பிடிக்கும் பிள்ளைகளின் பெயருக்கு அளவெடுத்த கோடு. ‘ஆள்’ என்பதோடு இடம் தீர்ந்துவிட்டது. பல சீட்டுகளில் ‘ஆள்’ என்பதற்கும் இடமில்லாமல், வெறும் சின்னச்சாமி கங்காணி.

ஓடியவன் பெயரை முதலில் எழுதினால் என்ன, இது அரிசியா கம்பளியா என்று கேட்டேன். கணக்கப்பிள்ளை என்னை இரக்கத்தோடு பார்த்தார்: “ஆளு பேர மொதல்ல எழுதுனா கடுதாசியே போய்ச் சேராதுங்களேம்மா. வோட்டு எப்புடிப் போய்ச் சேரும்?”

பெட்டிக்குக் காவல்

அன்று சாயங்காலம் வீட்டில் பேனாவை எடுத்து, ஒவ்வொரு சீட்டிலும் ஓரத்தில் வீரமுத்து என்று எழுத உட்கார்ந்தேன். அப்பா பேனாவை வாங்கிக்கொண்டார். உண்மையைத்தானே எழுதுகிறேன் என்றேன். காதர் நானாவுக்கும் ஒரு உண்மை உண்டு, குமாஸ்தாவுக்கும் ஒன்று உண்டு, எல்லாருக்கும் பேனாவைக் கொடுக்கலாமா என்று கேட்டார். வாதத்தில் அப்பாவிடம் நான் தோற்ற நாட்கள் குறைவு, அது ஒன்று. கடைசியில் தோட்டத்து வழக்கத்தை விளக்கி ஒரு தாள் எழுதி, கட்டின் மேலே வைத்துக் கட்டி அனுப்ப மட்டும் சம்மதித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “நாம பெட்டிக்குக் காவல், அவ்வளவுதான். உள்ளே இருக்கிறதைத் திருத்தினா, அப்புறம் பெட்டி எதுக்கு?”

கங்காணி கொழும்புக்குப் போனார்

என் தாளைக் கொழும்பில் யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. முடிவு வந்த இதழில் பெரிய எழுத்தில் சின்னச்சாமி கங்காணி. கூடவே, மலைநாட்டின் காற்றைப் போல விரைந்தோடும் இளைஞர் என்று இரண்டு வரி பாராட்டு. காதர் நானா அதை வாய்விட்டு வாசித்துவிட்டுச் சிரிக்கப் போனார். என் முகத்தைப் பார்த்துத் தேத்தண்ணி வரவழைத்தார். ரயில் டிக்கெட்டும் அந்தப் பெயருக்கே வந்தது. கங்காணி தலைப்பாகை கட்டி, கோட்டுப் போட்டு, கோலோடு ரயிலேறினார். வீரமுத்து அவருடைய பெட்டியைத் தூக்கிவந்து வண்டியில் ஏற்றிவிட்டு, மடுல்சீமைக்கு நடந்தே திரும்பினான்.

திரும்பி வந்ததும் கங்காணி பதக்கத்தைக் கோட்டில் குத்திக்கொண்டு நேரே கடைக்கு வந்தார். விழாவில் அவரைப் பார்த்தவர்கள் கொஞ்ச நேரம் திகைத்துப்போய், பிறகு வயசாளி வீரர் போலிருக்கிறது என்று நாற்காலி கொடுத்தார்களாம். இது வீரமுத்துவுக்குச் சேர வேண்டியது இல்லையா என்று நான் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. அவன் என் பேருலதானேம்மா ஓடுனான் என்றார், நான் ஏதோ அவனைக் குறைத்துப் பேசிவிட்ட மாதிரி. பிறகு கோலை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: “அங்க ஓடுனவனுங்களயெல்லாம் பாத்தேன்மா. நம்ம வீரமுத்து மட்டும் வந்திருந்தா, ஒருத்தனும் கிட்ட நெருங்கியிருக்க மாட்டான்.”

திருத்தம்

நான் பத்திரிகாசிரியருக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன், வாசகர்களின் தீர்ப்பே முடிவானது என்று ஒரு கார்டு வந்தது. வாசகர்களின் தீர்ப்பைத்தான் நீங்கள் வாசிக்கவில்லை என்று நீளமாக எழுதினேன். கோபத்தில் ஆரம்பித்த கடிதங்கள், போகப் போக அலுப்பில் எழுதியவையாகிவிட்டன. விடுமுறை முடியும் தறுவாயில், தங்கள் விருப்பப்படி திருத்தம் வெளியாகிறது என்று பதில் வந்தது. அந்த வார இதழின் கடைசிப் பக்கத்தில், மருந்து விளம்பரத்துக்குக் கீழே இருந்தது அது. ஊவாவின் சிறந்த வீரர் ‘சின்னச்சாமி கங்காணி’ என்று வெளியானதை ‘சின்னச்சாமி கங்காணி ஆள்’ என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும்.

தாளைக் கிழித்தெறியத்தான் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து, துரையின் பார்சலை ஸ்டேஷனிலிருந்து எடுக்க வந்த வீரமுத்து கடைப்பக்கம் வந்து நின்றான். தன்னைப் பற்றி ஏதோ போட்டிருக்காமே என்று கேட்டான். வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னான், வாசித்தேன். இதில் உன் பெயர் இல்லையே, உனக்குக் கோபமே வரவில்லையா, ஒரு வார்த்தை சொல், அதையும் எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவன் தாளை வாங்கி மடித்து மடியில் செருகினான்.

இத்தனை வாதத்துக்கும் இத்தனை கடிதத்துக்கும் எனக்குக் கடைசியாகக் கிடைத்த பதில், பார்சலைத் தோளில் ஏற்றிக்கொண்டே அவன் சொன்ன இது ஒன்றுதான்: “ஆமாங்க. அது நாந்தாங்க.”