முதல் தண்ணீருக்குப் பூ

எங்கள் ஊர் குடவாசல் பக்கம். வீட்டுக்கு எதிரே வாய்க்கால். என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஒரு சொம்புத் தண்ணீர்தான். காபி, ரசம் எல்லாம் அதில் சேர்த்தி. இரண்டு கிட்னியும் போய்விட்டது. குடித்தது வெளியே போகாது. கால் வீங்கும், மூச்சு முட்டும். டயாலிசிஸ் மெஷினில் படுத்து எழுந்தால்தான் வடியும். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்குப் பொறுக்கவில்லை. என்னுடைய கிட்னியில் ஒன்றைக் கொடுத்தேன்.

தஞ்சாவூரில் ஆபரேஷன். மறுநாள் என்னை நடக்கவிட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனேன். வாசலோடு நிற்கச் சொன்னார்கள். எட்டிப் பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே ஒரு பை. குழாய் வழியாக அதில் மூத்திரம் வந்துகொண்டிருந்தது. சொட்டு இல்லை. ஓட்டம்.

வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்தால் எங்கள் பக்கம் பூப்போட்டுக் கும்பிடுவோம். கை தானாகத் தலைக்குப் போயிற்று. காலையில் நாத்தனார் வைத்துவிட்ட பூவில் ஒரு கிள்ளு. உள்ளே வீசிவிட்டேன்.

"யம்மா! பூவெல்லாம் இங்க ஆகாதும்மா, கிருமி வந்துடும்!" நர்ஸ் பெண் ஓடி வந்து பொறுக்கியது.

"மூத்திரத்துக்குப் பூப்போட்ட மொத ஆளு நீதான்டி," என்றார் அவர், படுத்தபடியே.

"ஆத்துத் தண்ணியாட்டம் வருதுங்க!"

சிரித்தேன். தையல் சுரீரென்றது. அப்படியும் சிரிப்பு நிற்கவில்லை.

டாக்டர் வந்தார். "ரொம்ப ஆடாதீங்கம்மா. கிட்னிக்கு ரெண்டு வேலை. ரத்தத்த வடிகட்டித் தண்ணி, உப்பு, அழுக்கு எல்லாத்தையும் எறக்கும். அப்புறம் ஒடம்புக்கு வேண்டிய தண்ணியையும் உப்பையும் திரும்ப உள்ள இழுத்துக்கும். கிட்டத்தட்ட எல்லாத் தண்ணியும் திரும்பிடும், கழிவோட கொஞ்சந்தான் வெளிய போவணும். இது இன்னும் ரெண்டாவது வேலைய ஆரம்பிக்கல. போறதுக்கு ஈடா நாங்க டிரிப்ஸ் ஏத்திக்கிட்டிருக்கோம்."

"மடை தெறந்தாச்சு, வடிகால அடைக்கல. அப்படித்தானுங்களே?"

"அதேதான்."

"அவ கிட்னிதானே சார்," என்றார் இவர். "கையில எதுவும் தங்காது."

"பேசாம கெடங்க. திரும்ப எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்."

டாக்டரே சிரித்துவிட்டார். என் கண் மட்டும் திரும்பப் பைக்கே போயிற்று. வயலில் விட்ட தண்ணீர் வயலில் நிற்காவிட்டால் என்ன விவசாயம்?

அப்புறம் காலையில் கண் விழித்தால் அந்த வாசல்தான். பையைத்தான் முதலில் பார்ப்பேன், முகத்தை அப்புறம். கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டம் குறைந்தது. ஒரு நாள் டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"உப்பு நிக்குது, தண்ணியும் நிக்குது. உங்க கிட்னி வேலையக் கத்துக்கிச்சும்மா. இனிமே அவரு நல்லா தண்ணி குடிக்கலாம்."

மாஸ்க் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். சொம்பு நிறையக் கொடுத்தேன். அண்ணாந்து கடகடவென்று குடித்தார். மார்பெல்லாம் வழிந்தது.

"எந்த ஆத்துத் தண்ணிடி இது?"

"கேன் தண்ணிங்க."

"இன்னொரு சொம்பு ஊத்து."

தையலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே ஊற்றினேன்.