வசந்தமலரின் கறுப்புத் தூளும் என் கலவரமும்

கிண்ணியாத் துறையிலிருந்து புறப்பட்ட பாதை நடுத் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. பாதை என்றால் தெருவல்ல. ஆட்களையும் சைக்கிளையும் லொறியையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை ஊர்கிற எங்கள் மிதவை. "நானா, அக்கா விடியக்காலம்பற போயிட்டா" என்றார், அண்ணனை அழைப்பதுபோல என்னை நானா என்றழைக்கும் வசந்தமலரின் தம்பி. பனி இன்னும் தண்ணீரை விட்டு எழும்பவில்லை. விட்டு வந்த கரையும் தெரியவில்லை, போகிற கரையும் தெரியவில்லை. மரணச் செய்திக்குச் சொல்லும் இன்னாலில்லாஹியை முணுமுணுத்தபடி ஒரு சீமெந்து மூடையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

செல்வி வசந்தமலர் அவர்களை லிங்கநகரில் பலருக்கு இரசாயனம் படிப்பித்த மிஸ்ஸாகத்தான் தெரியும். அவர் ஓர் ஆராய்ச்சியாளர் என்பதும், அந்த ஆராய்ச்சி எதனால் நின்றது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு மலர்வளையம் மட்டும் வைத்துவிட்டு வருவது நியாயமில்லை.

யுத்த காலத்தில் நான் ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். வசந்தமலர் பக்கத்துக் கட்டடத்துப் பயிற்சி நிலையத்தில் போதனாசிரியர். பத்து மணித் தேத்தண்ணிக்கு எங்கள் குசினிக்கு வருவார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலால் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்பார். அசையாத நீலத் தண்ணீர், அதன் மேல் அசையாத வெயில். தேத்தண்ணி ஆறிப்போகும்.

"தங்கச்சி, கப்பல் வந்தா நான் சொல்லுறன். நீங்க குடியுங்க."

"கப்பலை ஆர் பார்த்தது நானா? நான் வரிசையைப் பார்த்துக்கொண்டு நிக்கிறன்."

வரிசை என்றால் அணுக்களின் வரிசை. திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றுகிற இலிதியம் பற்றரிக்குள் ஒரு கறுப்புத் தூள் இருக்கிறது. அதில் கோபாற்று என்ற உலோகத்தைச் சேர்ப்பார்கள். அது எளிதில் கிடைக்காதது. அது இல்லாமல் நிக்கலை வைத்தே அந்தத் தூளைச் செய்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. டோர்ச் பற்றரி இரண்டு வைத்திருந்தாலே வீதியில் மறித்து விசாரிக்கிற காலத்தில், பாருங்கள், இப்படி ஓர் ஆசை!

"கலியாண வீட்டுப் பந்தி மாதிரி, நானா. இலிதியத்துக்கு ஒரு வரிசை, நிக்கலுக்கு ஒரு வரிசை. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே பருமன். கோபாற்று இருந்தா ஒழுங்கா இருக்குங்கள். இல்லாட்டி நிக்கல் போய் இலிதியத்தின்ர இலையில குந்திடும். பிறகு இலிதியம் போய்வர வழியில்லை."

"எங்கட பக்கம் ஒரே சகன் தட்டைச் சுத்தி ஆறு பேர் இருந்து சாப்பிடுவம்."

"அப்ப கிண்ணியாவில பற்றரி செய்ய ஏலாது" என்று சிரித்தார்.

பட்டணத்தில் பல் கட்டுகிற ஒருவரிடம் பீங்கான் பல் சுடும் சிறிய மின்சூளை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை இரவல் வாங்குவார். ஒட்சிசன், வெல்டிங் கடையிலிருந்து. பாதியில் கரண்ட் போனால் அன்றைய வேலை பாழ். எத்தனையோ ஞாயிறுகள் பாழாகி, கடைசியில் ஒரு சிமிழ் தூள் தேறியது. அதைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு, ஈரக்காற்றுப் படாமல் மெழுகால் அடைத்தார். வரிசை குழம்பவில்லை என்பதை மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தின் எக்ஸ்றே இயந்திரம்தான் சொல்ல வேண்டும். மாத முடிவுக்குள் அந்தப் படம் போய்ச் சேர்ந்தால், வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் அவருக்கு இடம்.

தூளோடு வீதியில் போக அனுமதிக் கடிதம் வேண்டும். அவர் ஆங்கிலத்தில் எழுதித் தந்த நாலு வரியைச் சிங்களத்தில் ஆக்கியவன் நான். அணுக்கள் இடம் மாறிக் குந்துவதற்கு அவர் எழுதியிருந்த சொல் 'டிஸ்ஓடர்'. அந்த வருடங்களில் என் மேசைக்கு வந்த காகிதங்களிலெல்லாம் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: கலவரம். கை தன் பாட்டில் எழுதிவிட்டது. பற்றரிப் பொருளில் அணுக்களின் கலவரம்!

யோசித்துப் பாருங்கள். கையில் கறுப்புத் தூள். கடிதத்தில் பற்றரி, அணு, கலவரம். எந்தச் சோதனைச்சாவடியில் விடுவார்கள்? பின்னேரம் வரை அவரை ஒரு வாங்கில் இருத்தி வைத்தார்கள். மெழுகை உடைத்தார்கள். மாரி மழை சாரலடிக்கிற மேசையில் குப்பி நாள் முழுக்கத் திறந்து கிடந்தது. தொலைபேசியில் விசாரித்த பிறகு விட்டார்கள். மறுநாள் எடுத்த படத்தில் நிக்கல் இலிதியத்தின் வரிசையில் குந்தியிருந்தது.

திரும்பி வந்தவர் கடிதத்தை என் மேசையில் வைத்தார். "காத்துப் பட்டதாலயோ, என்ர சூளை பிழைச்சதாலயோ எண்டு இனி ஒருத்தருக்கும் தெரியாது, நானா." மறுபடி சுட இலிதியம் உப்பு கைவசமில்லை. மாதம் முடிந்தது, அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று.

நான் அவருக்கு முன்னால் அழுதேன். சொல்வதில் வெட்கமில்லை.

"மன்னிச்சிட்டன் எண்டு பொய் சொல்ல ஏலாது" என்றார் வசந்தமலர். "ஆனா நாளைக்கும் தேத்தண்ணிக்கு வருவன்."

வந்தார். அதன்பின் தூள் சுடவில்லை. யன்னலடியில் நிற்பதை மட்டும் விடவில்லை. நான் ஓய்வுபெற்ற பிறகு, ஒவ்வொரு பெருநாளுக்கும் வட்டிலப்பத்தோடு லிங்கநகருக்குப் போவேன். "இந்த முறையாவது மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்பேன். "இன்னும் இல்லை" என்பார், இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டே. மனுசிக்கு என்ன பிடிவாதம் என்று பாதை நெடுகப் புறுபுறுத்துக்கொண்டு வீடு திரும்புவேன்.

சிறுநீரகம் கைவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். நேற்றுப் பின்னேரம் கட்டிலருகே கதிரையைப் போட்டுக்கொண்டு, இதற்குமேல் தாங்காது என்று கேட்டேவிட்டேன். "தங்கச்சி, இப்பவாவது ஒருக்காச் சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று எழும்பப் போனேன்.

"அதைச் சொன்னா நீங்க பிறகு வர மாட்டியள், நானா" என்றார். "நாளைக்கு வாங்கோ."

வந்தனான், தங்கச்சி.