தங்கையின் நிக்காஹ் அன்று நான் எடுக்காத அழைப்பு

என் தங்கையின் நிக்காஹ் அன்று எனக்கு வந்த அழைப்புகளை நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை. மலையில் சிக்னல் இல்லை என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். சிக்னல் இருந்தது... நன்றாகவே இருந்தது!

இதை உங்களிடம் சொல்ல ஒரு காரணம் உண்டு. நீங்கள் எனக்கு யாருமில்லை. நீங்கள் என் தங்கையிடம் போய்ச் சொல்லப்போவதில்லை. இதுவும் கோழைத்தனம்தானே என்று நினைக்கிறீர்களா? நினைத்துக்கொள்ளுங்கள். நான் மறுக்கமாட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் மரக்காணம். அத்தா உப்பளத்துக்குப் போகும் வழியில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் மௌத்தான பிறகு வீட்டில் ஆண் என்று நான் ஒருவன்தான். சவூதியின் தெற்கே ஜீஸானில், ஏ.சி. பொருத்தும் கம்பெனி ஒன்றில் ஃபோர்மேனாக இருக்கிறேன். மனைவி நஸ்ரினும் இரண்டு பிள்ளைகளும் என்னோடு அங்கேயே இருக்கிறார்கள். அம்மாவும் தங்கை ஷமீமாவும் ஊரில் இருந்தார்கள்.

எங்களில், தகப்பன் இல்லாத பெண்ணுக்கு அண்ணன்தான் வலீ. அவளை மணமுடித்துக் கொடுக்கும் பொறுப்பும் உரிமையும் அவனுடையவை; அவன் சம்மதம் இல்லாமல் நிக்காஹ் செல்லாது. அவன் வர முடியாவிட்டால் தன் இடத்தில் இன்னொருவர் நிற்க அனுமதி தரலாம். ஃபோனில் சொன்னாலும் போதும் என்றார்கள். ஒரே ஒரு வாக்கியம்... என்னிடம் அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

ஷமீமாவுக்கு நான் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தேன். என்னோடு வேலை செய்யும் திண்டிவனத்துப் பையன். அவனுக்கு வாக்கும் கொடுத்துவிட்டேன், தங்கையை ஒரு வார்த்தை கேட்காமலேயே! அவளோ அனுமந்தையிலிருந்து உப்பு லாரி ஓட்டும் காதரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். அம்மாவும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்.

"நல்ல மனுஷன்ணா அவரு. நீ பாத்த மாப்பிள்ளைய நான் வருஷத்துக்கு ஒரு மாசந்தான பாக்க முடியும்? எனக்கு அந்த வாழ்க்க வேணாம்ணா" என்றாள் ஃபோனில்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது. சரி என்று வாயால் சொன்னேன். திண்டிவனத்துப் பையன் முகத்தில் எப்படி விழிப்பது? கம்பெனியில் என் பேச்சுக்கு இனி என்ன மரியாதை? இதுதான் அன்று என் கவலை. தங்கையின் வாழ்க்கையைப் பற்றிய கவலை அதில் எங்கே இருந்தது? தேடிப் பார்க்கிறேன்... இல்லை.

லீவு கிடைக்கவில்லை. அது மட்டும் உண்மை. நிக்காஹ் சனிக்கிழமை பதினொரு மணிக்கு. சவூதியில் அப்போது காலை எட்டரை. "நீ ஃபோன்ல இரு, போதும்பா. பள்ளிவாசல் ஹஜ்ரத்து ஸ்பீக்கர்ல போட்டு சாட்சிங்க முன்னாடி கேட்டுக்குவாரு" என்றார் அத்தாவின் அண்ணனான என் பெரியத்தா. இருக்கிறேன் என்றேன்.

சவூதியில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. அந்த வாரம் பார்த்துத்தான் குடும்பத்தோடு மலைக்குக் கிளம்பினேன்.

"சனிக்கிழம நிக்காஹ் இருக்குதேங்க, வீட்ல இருந்தா நிம்மதியா பேசலாமே" என்றாள் நஸ்ரின்.

"மலையில டவர் இல்லியா என்ன? பிள்ளைங்க எத்தன நாளா கேட்டுக்கிட்டு இருக்குதுங்க!"

பிள்ளைகள் கேட்டது கடற்கரைக்கு.

ஏமன் எல்லையை ஒட்டிய ஊர் அது. மலையைப் படிப்படியாக வெட்டி, கல் அடுக்கி, காபிச் செடி வைத்திருந்தார்கள். சாலையோரத் தடுப்புச் சுவரில் குரங்குகள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து காரைப் பார்த்தன. வீட்டு மாடிகளில் காபிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. காய்கிற பொருள் என்றால் மரக்காணத்துக்காரன் கண்ணுக்கு அது வெள்ளையாக இருக்க வேண்டும். அங்கே எல்லாம் சிவப்பு! பனி ஒரு பக்கம் ஏறியது, ஒரு பக்கம் இறங்கியது. சந்தையில் சில ஆண்கள் தலையில் பூ வளையம் வைத்திருந்தார்கள். நஸ்ரின் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது, ஆளாளுக்கு மாப்பிள்ள மாதிரி சுத்திக்கிட்டு இருக்கறாங்க!"

நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை ஒரு தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்துக்காரர் வயதானவர். எங்களைக் கம்பளத்தில் உட்காரவைத்தார். பழம் பறிக்கப் பிள்ளைகளைக் கீழ்ப்படிக்கு அனுப்பினார். நஸ்ரினும் அவர்களோடு இறங்கினாள். சார்ஜ் போடுகிறேன் என்று அவள் ஃபோனை வாங்கி முன்பே காரில் வைத்துப் பூட்டியிருந்தேன். என் ஃபோனில் மணியோசையை நிறுத்தியிருந்தேன். பாருங்கள், எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறேன்! ஏதோ கோபத்தில் செய்துவிட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

எட்டரைக்கு முதல் அழைப்பு வந்தது. பெரியத்தா. பிறகு அம்மா. மறுபடியும் பெரியத்தா. பெயர்கள் திரையில் வருவதும் போவதுமாக இருந்தன. பெரியவர் கஹ்வா ஊற்றிக்கொடுத்தார். மஞ்சள் நிறம், ஏலக்காய் மணம், சர்க்கரை கிடையாது. இதையும் காபி என்கிறார்களே என்று நினைத்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் ஃபோனைக் காட்டி, எடு எடு என்று சைகை செய்தார். வேலை விஷயம், அவசரமில்லை என்றேன். ஒரு சம்பந்தமும் இல்லாத மனிதர், அவரிடமும் ஒரு பொய்...

என்ன எதிர்பார்த்தேன்? நிக்காஹ் நின்றுபோகும் என்றா? இருக்கலாம். தள்ளியாவது போகும், அத்தனை பேரும் என் ஒரு வார்த்தைக்காகக் காத்துக் கிடப்பார்கள், அப்போது தெரியும் என் அருமை என்று நினைத்தேன். சீ! இதற்காகவா?

கடைசியில் ஷமீமாவின் பெயர் வந்தது. கல்யாணப் பெண் தானே ஃபோனைக் கையில் எடுத்துவிட்டாள்! அது திரையிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஃபோனை அணைத்துவிட்டேன்.

மலையிறங்கிய பிறகு ஊருக்குப் பேசினேன். எல்லாம் முடிந்திருந்தது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்திருக்கிறார்கள். முதலில் அடித்த ஃபோன் பிறகு அணைந்தே கிடந்ததால், சிக்னல் போய்விட்டது என்று எண்ணியிருக்கிறார்கள். வலீ தொடர்புக்கே எட்டாத இடத்தில் இருப்பதால் அடுத்த உறவு நிற்கலாம் என்று ஹஜ்ரத் சொல்ல, பெரியத்தா வலீயாக நின்றிருக்கிறார்.

"மலையில சிக்னலே இல்ல பெரியத்தா."

"பரவால்லப்பா. அல்லா நாடுனது நடந்துச்சு. நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத."

சில வாரங்கள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நான் எட்டாத இடத்தில் இருந்தேன் என்று நம்பித்தான் அந்த நிக்காஹை நடத்தினார்கள். நானோ எட்டும் இடத்தில், ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்! அப்படியென்றால் என் தங்கையின் நிக்காஹ்...? இந்தக் கேள்வியை நான் ஒருமுறையும் முடித்ததில்லை. அவளுக்கு இப்போது ஒரு மகன் இருக்கிறான்.

போன மாதம் லீவில் ஊருக்கு வந்தேன். அஸர் தொழுகை முடிந்ததும் ஹஜ்ரத்தைத் தனியாகப் பார்த்தேன். சவூதியில் என் ஃப்ரெண்டு ஒருவனுக்கு இப்படி ஆகிவிட்டது என்று ஆரம்பித்தேன். முழுவதும் கேட்டார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"சரி பண்ண வழி இருக்குது தம்பி. அது பெரிய கஷ்டமில்ல. ஆனா உங்க ஃப்ரெண்டு மொதல்ல தங்கச்சிகிட்டயும் மாப்பிள்ளகிட்டயும் உள்ளத சொல்லிடணும். அப்புறம் மூணு பேருமா வரட்டும்."

"சொல்றேன் ஹஜ்ரத்" என்றேன்.

மறுநாள் ஷமீமா என்னை விருந்துக்கு அழைத்திருந்தாள். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் அனுமந்தைக்குப் போனேன். நம்புங்கள், நம்பாமல் போங்கள். காதர் தெருவுக்கே வந்து, "வாங்க மச்சான்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். தங்கை சொன்னது சரிதான், நல்ல மனிதர். சாப்பிடும்போது மகன் அழுதான் என்று எழுந்து போய் அவரே தூக்கிக்கொண்டார். அவருடைய அம்மா மட்டும் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை.

"மாமிக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று ஷமீமாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. எங்கிட்டதான் பேசாது. கல்யாணம் ஆனதுலேர்ந்தே அப்படித்தாண்ணா."

"ஏன், என்னாச்சு?"

"விடுண்ணா, சாப்புடு." தட்டில் இன்னொரு கறித்துண்டு வைத்தாள். பிறகு தானாகவே சொன்னாள். "அன்னிக்கு நீ லைன்ல கெடைக்கல இல்ல? அண்ணங்காரனுக்கு இஷ்டமில்ல, அதான் ஃபோன எடுக்க மாட்டேங்கறான்னு மாமி சொல்லிடுச்சு. எனக்கு வந்துச்சு பாரு கோவம்! எங்கண்ணனப் பத்தி இன்னொரு வார்த்த பேசுனீங்கன்னா இந்த நிக்காஹே வேணாம்னு சொல்லிட்டேன். பொம்பளைங்க அத்தன பேரு முன்னாடி, பொண்ணா உக்காந்துக்கிட்டு! அது மனசுல நின்னுபோச்சு."

அவள் சிரித்தாள். அந்த அம்மாள் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தவறில்லை. அந்தக் கூட்டத்தில் என்னைச் சரியாக அறிந்தவர் அவர் ஒருவர்தான். அதைச் சொன்ன குற்றத்துக்காக என் தங்கை அவரை அவமானப்படுத்தியிருக்கிறாள். அதற்கான தண்டனையை அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் அனுபவித்துக்கொண்டிருக்கிறாள்... எனக்காக!

"ஷமீமா" என்றேன்.

"சொல்லுண்ணா."

காதர் எதிரில் மகனோடு உட்கார்ந்திருந்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"பெரியவங்ககிட்ட அப்படிப் பேசலாமாம்மா? நீயே போய் மன்னிப்பு கேட்டுடு."

அவள் முகம் மாறியது. "உனக்காகத்தாண்ணா பேசுனேன்" என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அண்ணன் சொல்லைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை, அந்த ஒரு கல்யாண விஷயத்தைத் தவிர.

உள்ளறைக் கதவை அவள் தட்டுவது கேட்டது.

"மாமி... அன்னிக்கு நான் பேசுனது தப்புதான். மன்னிச்சிடுங்க."

நான் எழுந்திருக்கவில்லை.