முன்பின்னாக ஓடிய இந்திப் படம்

"பாஷை தெரியாத படத்தைப் பாத்துட்டு உங்க அத்தை புருஷனைத் திருப்பி அனுப்பிட்டாங்களாம். இதை நான் நம்பணுமா?" என்று விடுதியில் என் அறைத்தோழி சிரித்தாள். அவள் மெட்ராஸ்காரி. சினிமா என்றால் அவளுக்கு மெத்தை வைத்த நாற்காலி. எங்கள் ஊர் மரக்காணம் டூரிங் கொட்டகையில் மணலைக் கூட்டி மேடாக்கி உட்கார வேண்டும். எங்கள் தெருப் பெண்கள் உப்பளத்தில் உப்பைக் குவித்துப் பழகியவர்கள். அவர்கள் போடும் மேடு எப்போதும் உயரமாகிவிடும், பின்னால் இருப்பவர்கள் திட்டுவார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் குடும்பத்திலேயே அதிகம் படித்தவள் நான்தான், மூன்றாம் வகுப்பு.

அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தாள். மாமா வேறொருத்தியோடு புதுச்சேரிப் பக்கம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தக் கோடையில் அவர் சலவைச் சட்டையும் மிக்சர் பொட்டலமுமாகத் திரும்பி வந்தார். "எனக்குப் புத்தி வந்துடுச்சு மச்சான்" என்றார். அப்பாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. அத்தை மட்டும் அவரைப் பார்க்காமலே உப்பளத்துக்குக் கிளம்பினாள். அவள் மனதை இளக்கத்தான் மாமா எங்கள் எல்லோரையும் சினிமாவுக்கு அழைத்துப் போனார்.

அன்று பஸ்ஸில் வரவேண்டிய தமிழ்ப் படப் பெட்டி வரவில்லை. கொட்டகைக்காரர் கையில் கிடைத்த இந்திப் படம் ஒன்றைப் போட்டுவிட்டார். டிக்கெட் வாங்கியவர்கள் யாரும் எழுந்து போகவில்லை. ஒரே மெஷின் என்பதால் படம் துண்டு துண்டாக ஓடும்; ரீல் மாற்ற நடுநடுவே விளக்கு எரியும்.

நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஒரு பெண்ணின் முகம் எங்கள் வீட்டுச் சுவரளவுக்கு விரிந்து அழுதது. என் தலையைவிடப் பெரிய கண்ணீர்த்துளி மெதுவாக இறங்கியது. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்குள் மணல் போனது அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் அவளும் ஒருவனும் மலையடிவாரத்தில் பாடினார்கள். அடுத்த துண்டில் அவன் தாடியோடு வந்து அவள் காலில் விழுந்தான். என்ன தப்புச் செய்தான் என்று தெரியவில்லை. இடுப்பில் குழந்தையோடு நின்றவள் அழுது அழுது அவனைத் தூக்கி நிறுத்தினாள். பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம். அம்மா அத்தையின் தொடையில் இடித்தாள். "பாத்தியா? அவளே மன்னிச்சுட்டா. உனக்கு இன்னாடி?"

விளக்கு எரிந்து அணைந்தது. அடுத்த துண்டில் அதே ஆள், வழவழவென்று முகம் மழித்து, பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தியோடு காரில் ஏறிப் போனான். மன்னித்தவள் காரின் பின்னால் ஓடி விழுந்தாள்.

கொட்டகை கொதித்தது. "டேய், இப்பத்தானேடா கால்ல வுழுந்தே!" என்று மீன்காரப் பெண் ஒருத்தி கத்தினாள். "த்தூ! இவனை நம்பிக் கூட்டிக்கினா பாரு!" என்றாள் இன்னொருத்தி. ஆண்கள் பக்கம் விசில். யாரோ திரைமேல் மணலை வாரி அடித்தார்கள். பழைய பிரிண்ட், படமும் அத்தோடு அறுந்து நின்றது.

அத்தை எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். வாசலில் மாமா கோலி சோடா வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"டிக்கெட் எடுத்துக் குடுத்தீங்க, சந்தோஷம். கடைசி பஸ் இன்னும் போவல. நடந்தா புடிச்சுடலாம்."

மாமா சோடாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அப்பா உப்பளத்துக்கு ஓடி வந்தார். "ஏம்மா, அந்த ஆபரேட்டர் பின்னாடி ஓட்ட வேண்டிய ரீலை முன்னாடி ஓட்டிட்டானாம்! அந்தாளு மொதல்ல தப்புப் பண்ணிட்டு, அப்புறமாத்தான் திருந்துறானாம்!" மாமாவுக்கு மேல்கோர்ட்டில் விடுதலை கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது அப்பாவின் குரல்.

அத்தை குனிந்தபடியே பலகையால் உப்பை இழுத்தாள். "தெரியும்ணா. கால்ல வுழறப்ப அவ இடுப்புல புள்ளை இருந்துச்சு. கார் பின்னாடி ஓடறப்ப இன்னும் வயித்துல இருந்துச்சு. அதுகூடவா தெரியாது?"

"தெரிஞ்சுமா அனுப்புனே?"

"வெயில் ஏறுது. தள்ளுங்க."

அவளை அன்று நான் அண்ணாந்து பார்த்தேன். மூன்றாம் வகுப்புக்காரி நான் கவனிக்காததை அவள் கவனித்திருந்தாள். ஆனால் தெரிந்தே ஏன் அனுப்பினாள் என்பது எனக்குப் புரியவில்லை. படத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு அனுப்பியிருந்தாலாவது சரி என்று தோன்றியது.

வளர்ந்த பிறகுதான் விளங்கியது. மாமா ஓடிப்போனபோது எங்கள் தெரு, "புருஷனைக் கையில வெச்சுக்கத் தெரியல" என்று அத்தையைத்தான் சொன்னது. அவளுக்காக ஒருவர்கூடக் கோபப்பட்டதில்லை. விட்டுப் போனவனை ஊரே சேர்ந்து திட்டியதை அவள் முதன்முதலாகக் கேட்டது அந்தக் கொட்டகையில்தான். அவர்கள் திட்டியது ஒரு திரையை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

போன மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, புருஷன் கைவிட்ட பெண் ஒருத்திக்காகக் கோயிலடியில் பஞ்சாயத்து கூடியது. ஆண்கள் கூட்டத்தின் நடுவே அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். மற்ற பெண்கள் அங்கே போகும் வழக்கமில்லை. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.