மஞ்சள் துணியில் இருந்த போன் நம்பர்

கடைத்தெருவில் அவருக்குப் பெயர் பவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பதிவேட்டில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. யாருடைய கண்ணாடியையாவது கையில் வாங்கி, கை நீட்டும் தூரத்தில் பிடித்து, எதிர்ச் சுவரில் தொங்கும் காலண்டர் எழுத்துகளை அதன் வழியாகப் பார்த்து, இப்படியும் அப்படியும் அசைத்துவிட்டு, பவர் இவ்வளவு என்று சொல்லிவிடுவார். பிறகு கருவியில் வைத்துப் பார்த்தால் அச்சு அசலாக அதுவே இருக்கும். அதனால் வந்த பெயர். வீட்டில் உமக்கு என்ன பவர் என்று கேட்டுச் சிரிக்காத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அவர் வேலை பார்த்தது மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில். ஒரு ஜன்னல், ஒரு முக்காலி, தண்ணீர் சொட்டிக்கொண்டே சுற்றும் சாணைச் சக்கரம். வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்கு ஓரம் தேய்த்துப் பொருத்த வேண்டும். ஒரு கணம் கூடுதலாக அழுத்தினால் விளிம்பு தெறித்துவிடும், லென்ஸ் குப்பைக்கு. அந்த முக்காலியில் பதினான்கு வருடம் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி இருக்கும். கடையின் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் அச்சடித்த, கண்ணாடி துடைக்கும் துணி. துடைக்காத கண்ணாடியை யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். கடன்காரனே வந்து கண்ணாடியைக் கழற்றி வைத்தாலும் துடைத்துத்தான் திருப்பித் தர வேண்டும் என்பார்.

இப்போது தலை நரைத்து, வேறு ஊரில், வேறு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பவருக்கு அந்தப் பின்னறைதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அதிலும் கடைசி எட்டு மாதங்கள். தனியாக இருந்த எட்டு மாதங்கள்.

அவர் மனைவி நர்ஸ். வருடக்கணக்கில் காத்திருந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கிடைத்தது. கிடைத்த இடம்தான் பதினெட்டு மணி நேர ரயில் தூரத்தில் இருந்தது. அங்கே அவளுடைய தங்கை குடும்பத்தோடு இருந்தாள். ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு மனைவி தங்கை வீட்டுக்குப் போனாள். நீங்களும் கிளம்புங்க, வேலையை அங்க வந்து தேடிக்கலாம் என்று சொல்லிப் பார்த்தாள். பவர் பிடித்த பிடியை விடவில்லை. கையில் வேலை இல்லாமல் ஊர் மாறுவதில்லை என்றுவிட்டார்.

அது வெறும் வீம்பு அல்ல. அவருக்குப் பத்து வயதில் அப்பா அப்படித்தான் குடும்பத்தை மூட்டை கட்டிக்கொண்டு இன்னொரு ஊருக்குப் போனார், போனதும் வேலை கிடைக்கும் என்று. பதினோரு மாதம் மாமா வீட்டில் இருந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு வேளையில் அப்பா மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே நடந்துவிடுவார். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு வந்து, அடுப்படியில் நின்றபடியே மிச்சத்தைச் சாப்பிடுவார். அதைப் பார்த்த பையனுக்கு அது மனதில் ஆணி அடித்த மாதிரி தங்கிவிட்டது. கொழுந்தியாள் வீட்டு அடுப்படியில் தான் அப்படி நிற்பதைத் தன் மகள் பார்க்கக் கூடாது.

மனைவியும் லேசுப்பட்டவள் அல்ல. பள்ளிக்கூட வருடம் முடிவதற்குள் நீங்கள் வராவிட்டால், வேலையை ராஜினாமா செய்துவிட்டு நான் வந்துவிடுகிறேன் என்று கடிதம் எழுதினாள். சொன்னால் செய்துவிடுவாள். அவள் அந்த வேலைக்காகக் கண் விழித்துப் படித்ததை அருகிலிருந்து பார்த்தவர் அவர்தான். தன் பிடிவாதத்தால் அது பறிபோனால் பிறகு எந்த முகத்தோடு அவள் முன் நிற்பது?

அந்த ஊர்க் கண்ணாடிக் கடைகளின் விலாசங்களைத் திரட்டி இருபத்திரண்டு கடிதம் போட்டார். கிணற்றில் போட்ட கல். ஒரு நாள் லென்ஸ் கம்பெனி விற்பனையாளர் வந்தபோது பவர் விஷயத்தை அவர் காதோடு சொன்னார். வெளியூர் விலாசத்தைப் பார்த்தால் யாரும் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள், உள்ளூர் விலாசம் போடுங்கள் என்றார் அவர். பவர் மறுபடி இருபத்திரண்டு கடிதம் எழுதினார், கொழுந்தியாள் வீட்டு விலாசமும் போன் நம்பரும் போட்டு. போன் வந்தால் அவர் வெளியே போயிருக்கிறார் என்று சொல்லும்படி கொழுந்தியாளுக்குப் பாடம் நடத்தினார்.

கொழுந்தியாள் நல்ல பெண். பொய்தான் வராது. ஒரு கடையிலிருந்து போன் வந்ததும் படித்த பாடம் மறந்துபோய், அவர் குளிக்கிறார் என்று சொல்லிவிட்டாள். காலையில் வந்த போனுக்கும் குளிக்கிறார், மத்தியானம் வந்ததற்கும் குளிக்கிறார், அடுத்த வாரம் வந்ததற்கும் அதேதான். கடைசியில் அந்தக் கடைக்கார அம்மாள், அவர் குளித்து முடித்ததும் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்.

இனி முதலாளியிடம் லீவு கேட்க வேண்டும். அதுதான் மலை. முன்பு பின்னறையில் இருந்த ஒருவர் வேறு கடையில் விசாரித்தது காதுக்கு எட்டியதும், அன்று மாலையே சீட்டைக் கிழித்து அனுப்பியவர் முதலாளி. வியாழக்கிழமை வேலை கிடைக்காமல் போய், விஷயமும் தெரிந்துவிட்டால், இங்கேயும் இல்லை அங்கேயும் இல்லை என்று ஆகிவிடும். பவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொழுந்தியாளுக்கு உடம்பு சரியில்லை, ஆபரேஷன் என்றார். முதலாளி பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் எங்கே ஆபரேஷன் என்று கேட்டார். வயிற்றில் என்றார் பவர். போய்விட்டு வா என்றார் முதலாளி.

ரயில் விடியற்காலை போய்ச் சேர்ந்தது. கொழுந்தியாள் வீட்டில் குளித்து, இந்தத் தடவை நிஜமாகவே குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். மகள் வாசல் வரை வந்து, இனிமேல் இங்கேயே இருப்பீர்களா என்று கேட்டாள். மனைவி அவர் முகத்திலிருந்த கண்ணாடியைக் கழற்றி, தன் துணி ஓரத்தால் துடைத்து, மாட்டிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அவள் விடாமல் செய்துவந்த காரியம். எட்டு மாதத்துக்குப் பிறகு தெரு பளிச்சென்று தெரிந்தது.

கடைக்கார அம்மாள் ஐம்பதைத் தாண்டியவர். தானே கண் பரிசோதனையும் செய்பவர். எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். பவர் மனப்பாடமாகச் சொன்னார். எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று கேட்டார். அதற்கும் பதில் தயாராக இருந்தது. தன் சாமர்த்தியத்தை நினைத்து உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. அப்போதுதான் அந்த அம்மாளின் கண்ணாடி இடது பக்கம் லேசாகச் சரிந்திருப்பது கண்ணில் பட்டது. பதினான்கு வருடப் பழக்கம், கை சும்மா இருக்குமா? ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று வாங்கி, காதுக் கம்பியை விரலால் நீவி வளைத்து, சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்துத் துடைத்து, அந்தத் துணியிலேயே வைத்து நீட்டினார்.

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சரிவு போயிருந்தது. கையில் இருந்த மஞ்சள் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு தடித்த லென்ஸையும் மெல்லிய கம்பி ஃபிரேமையும் கொடுத்து, உள்ளே போய்ப் பொருத்தி வாருங்கள் என்றார். சக்கரம் ஓடும் சத்தத்தில் வெளியே நடப்பது எதுவும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்து, பொருத்தி, கொண்டுவந்து வைத்தார். அம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் முதல் தேதி வந்துவிடுங்கள் என்றார்.

துணியைத் திரும்ப வாங்காமல் வந்தது ரயிலில் வந்து பையைத் தடவியபோதுதான் தெரிந்தது. அதில்தான் பழைய ஊரின் பெயரும் நம்பரும் இருந்தன. வேலைதான் கிடைத்துவிட்டதே என்று தேற்றிக்கொண்டார்.

கடைக்குள் நுழைந்ததும் முதலாளி பேப்பரை மடித்து வைத்தார்.

"கொழுந்தியாளுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"தேவலைங்க."

"தையல் பிரிச்சாச்சா?"

"பிரிச்சாச்சுங்க."

மூன்றே நாளில் தையல் பிரித்த ஆபரேஷன். முதலாளி தலையை ஆட்டிவிட்டு மறுபடி பேப்பரை விரித்தார். ஒரு வாரம் கழித்து, மனைவி இருக்கிற ஊருக்கே போகலாம் என்று பார்க்கிறேன் என்று பவர் மென்று விழுங்கிச் சொன்னபோது, நல்லது என்றார். அவ்வளவுதான். பதினான்கு வருடத்துக்கு ஒரு வார்த்தை. பவருக்கு மனது என்னவோ போல் ஆகிவிட்டது.

புது ஊர் ஒட்டிக்கொண்டது. மனைவி வேலையில் நிலைத்தாள், சொந்தமாக வாடகை வீடு பார்த்துப் போனார்கள், மகள் வளர்ந்தாள். என் கைவேலையைப் பார்த்த மாத்திரத்தில் வேலை கொடுத்தார்கள் என்று பவர் பன்னிரண்டு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பழைய முதலாளிக்கு மட்டும் போன் செய்யவில்லை. செய்ய வேண்டும் என்று நினைப்பார், அந்த ஆபரேஷன் நினைவுக்கு வரும், கை பின்வாங்கிவிடும்.

கடையைத் தன் மகளிடம் ஒப்படைத்த அன்று கடைக்கார அம்மாள் மேஜை டிராயரைக் காலி செய்தார். அடியிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து பவர் முன் வைத்தார். நீங்கள் வெளியூர் என்பது இதைப் பார்த்த நிமிஷமே தெரியும் என்றார். மூன்று வேளையும் குளிக்கிற மனிதர் யார் என்று பார்க்கத்தான் கூப்பிட்டாராம். பொய் விலாசம் கொடுத்தவரை அப்படியே அனுப்பிவிடத்தான் நினைத்தாராம். ஆனால் அவர் உள்ளே லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது, துணியில் இருந்த நம்பருக்குப் போன் போட்டிருக்கிறார்.

முதலாளி என்ன சொன்னார் என்று கேட்டார் பவர்.

"நீங்க வேண்டாம்னு சொன்னா எனக்கு லாபம், அவன் இங்கேயே இருப்பான்னார். ஆனா எட்டு மாசமா அவன் தன்னோட கண்ணாடியை மட்டும் தொடைக்கிறதே இல்ல, பார்க்கச் சகிக்கல, எடுத்துக்கங்கன்னார். நான் சொன்னதா சொல்லிடாதீங்கன்னும் சொன்னார். எனக்கு அதுக்கு மேல என்ன வேணும்?"

கைவேலையைப் பார்த்துக் கொடுத்த வேலை என்ற பன்னிரண்டு வருடப் பெருமை அந்த இடத்திலேயே கழன்று விழுந்தது. விழுந்ததில் வருத்தம் இல்லை. தையல் பிரித்தாயா என்று கேட்டபோது முதலாளிக்கு எல்லாமே தெரியும் என்பதுதான் உறைத்தது.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் துணியை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு அந்த நம்பருக்குப் போட்டார். போகவில்லை. முன்னால் ஒரு எண் சேர்க்க வேண்டும் என்று அம்மாளின் மகள் சொன்னாள். சேர்த்ததும் மணி அடித்தது. எடுத்த குரல் மெலிந்திருந்தது. பின்னால் சக்கரம் ஓடும் சத்தம் கேட்டது.

"முதலாளி, நான் பவர் பேசறேங்க."

அந்தப் பக்கம் பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது.

"கொழுந்தியாளுக்கு இப்ப உடம்பு தேவலையா?"

சொல்ல வேண்டும் என்று கோத்து வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. தேவலைங்க என்று மட்டும் சொன்னார்.

"உன் கண்ணாடியைத் தொடைக்கிறியா?"

"அவதான் தொடைச்சுத் தரா, முதலாளி. தினமும்."

"நல்லது," என்றார் முதலாளி. "வெச்சிடறேன். ஆள் நிக்குது."