சாவியை விடாத விரல்

அந்த மின்சாரச் சாவியைத் தொட எனக்கு அனுமதி இல்லை. பாளையங்கோட்டையில் எங்கள் பெண்கள் பள்ளியில் பௌதிக வகுப்பு தொடங்கலாமா என்று முடிவுசெய்ய வந்த கமிட்டியார் போட்ட நிபந்தனை அது. ஆண்கள் அமர்ந்திருக்கும் சபையில் ஒரு பெண் மேசையருகே நின்று கருவிகளைக் கையாள்வது அழகில்லையாம். நான் மாணவிகளோடு ஜன்னலோரம் நின்று சொல்ல வேண்டும். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஆண்கள் கல்லூரி விரிவுரையாளர் செய்துகாட்டுவார். பாட்டரியும் வோல்ட்மீட்டரும் அவர் இரவல் தந்தவை, மறுக்க முடியவில்லை.

பரிசோதனையை வகுத்தவள் நான். பாட்டரி தன் மின்சாரத்தைத் தானே கொஞ்சம் தடுக்கிறது. அந்தத் தடை பாட்டரியின் ஜாடிக்குள், நவச்சாரக் கரைசலுக்குள் இருக்கிறது. வெளியே எடுத்து அளக்க வழியில்லை. ஆகவே, முதலில் பாட்டரிக்கு வேலை கொடுக்காமல் வோல்ட்மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து, தடையின் அளவு தெரிந்த கம்பிச்சுருளை இணைத்து, அழுத்தும்வரை மட்டும் மின்சாரத்தை ஓடவிடும் அந்தச் சாவியை அழுத்தி, முள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அந்த இறக்கம் உள்தடையைச் சொல்லிவிடும். வேறு சுருளை வைத்தாலும் ஏறக்குறைய அதே விடை வந்தால்தான் அளவை நம்பலாம். ஒரே எச்சரிக்கை: முள்ளைப் படித்த உடனே சாவியை விட்டுவிட வேண்டும். இந்த வகைப் பாட்டரி தொடர்ந்து உழைத்தால் களைத்துவிடும்; ஓய்வு கொடுத்தால் தேறும். என் மாணவிகள் இதைப் பலமுறை செய்து, ஒத்த விடைகளையே பெற்றிருந்தார்கள்.

விரிவுரையாளரிடம் இதைச் சொன்னேன்.

"எல்லாம் தெரியும் டீச்சரம்மா. நான் பாத்துக்கிடுதேன்."

முதல் சுருளை இணைத்துச் சாவியை அழுத்தினார். அழுத்தியபடியே கமிட்டித் தலைவர் பக்கம் திரும்பினார். தலைவர் அம்பாசமுத்திரத்து நெல் வியாபாரி. ஆகவே மின்சாரம் வாய்க்கால் தண்ணீர் ஆயிற்று, தடை மதகு ஆயிற்று, அண்ணாச்சியின் வயலும் அதன் விளைச்சலும் வந்தன. விரல் மட்டும் எழும்பவில்லை. முள் இறங்கிக்கொண்டே இருந்தது.

"சாவிய விட்டுருங்க சார்."

"இருங்கம்மா, பெரியவங்க கேக்காங்கல்லா."

பேசி முடித்த பிறகே முள்ளைப் படித்தார். அடுத்த சுருளுக்கு இன்னும் நீளமான பிரசங்கம். கணக்குப் போட்டுக் கரும்பலகையில் எழுதிய இரண்டு விடைகளுக்கும் உறவே இல்லை.

தலைவர் சிரித்தார். "என்ன வே, ஒரே பாட்டரி நேரத்துக்கு ஒண்ணு சொல்லுது?"

"ஏற்பாடு டீச்சரம்மாவோடது அண்ணாச்சி. நான் அமுக்குனதோட சரி."

நான் ஜன்னலோரமிருந்தே குரலை உயர்த்தினேன். "அமுக்குனதுதான் சார் கோளாறு. பாட்டரி களைச்சுப்போச்சு. கொஞ்சம் ஓய்வு குடுத்து, இந்தப் பிள்ளையளே செஞ்சு காட்டட்டும்."

"பாட்டரி களைக்குமோ? ஒங்க வீட்டுல அடுப்பு களைக்குதா தாயி?" என்றார் தலைவர்.

கமிட்டி முழுவதும் சிரித்தது. என் பின்னால் நின்ற ஒரு மாணவி, "அடுப்பு களைக்காது, ஊதுதவதான் களைப்பா" என்றாள்.

சிரிப்பு நின்றது. "பிள்ளையள நல்லாத்தான் வளக்கிய" என்று தலைவர் எழுந்தார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

நாங்கள் பாட்டரி தேறக் காத்திருந்தோம். பிறகு மேசையருகே போனோம். அந்த மாணவியே சாவியை அழுத்தினாள், படித்தாள், விட்டாள். எல்லாச் சுருள்களுக்கும் ஏறக்குறைய ஒரே விடை. அவருடைய விடைகளுக்குக் கீழே அவற்றை எழுதிவிட்டுக் கமிட்டியாருக்காக நின்றோம்.

அவர்கள் சாப்பாட்டறையிலிருந்து நேரே வண்டிக்குப் போய்விட்டார்கள். நான் ஓடினேன்.

"ஒரு தடவ உள்ள வந்து பாருங்கய்யா. விடை சரியா வந்திருக்கு."

"அதான் பாத்தாச்சே தாயி," என்றார் தலைவர். "தையலுக்கு இன்னொரு டீச்சர் போட்டுத் தாரோம்."

பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த விரிவுரையாளர் வண்டி மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வண்டி கிளம்பியது.

உள்ளே வந்து அவருடைய விடைகளை அழித்தேன். எங்களுடையவற்றை விட்டுவைத்தேன். மறுநாள் அந்த அறையில் தையல் வகுப்பு நடந்தது. தையலுக்குக் கரும்பலகை தேவைப்படவில்லை.